மீண்டும் கூடும் பருவம்

(வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கால் நூற்றாண்டுக் காலம் நம் சங்கம் நிலைத்து நின்றுள்ளது. இவ்விழாவில் பாராட்டுரைகள் பல கேட்டு மகிழ்ந்தோம். அவை வேண்டியவையே. ஆயினும் நம் பணியில் ஆண்டுதோறும் ஒரு சோர்வு வந்து சேர்வதை நாம் அனைவரும் அறிவோம். சூன் திங்களில் மாலை வகுப்பில் பாய் போதாத அளவுக்குக் கூடும் பிள்ளைகள், ஐப்பசி மழை பிடித்ததும் குறைந்துவிடுகின்றனர். குறைந்தவர்களுள் சிலர் தை பிறந்ததும் திரும்புகின்றனர். சிலர் திரும்புவதே இல்லை. நின்றுபோன பிள்ளை செங்கற்சூளையில் இருக்கிறதா, பட்டறையில் இருக்கிறதா, திருமணம் பேசி முடித்த வீட்டில் இருக்கிறதா என்று நாம் விசாரிப்பதற்குள் ஓராண்டு ஓடிவிடுகிறது. ஆதலின், ஓர் அமைப்பு ஆண்டுதோறும் தன்னைத் தானே எவ்வாறு புதுப்பித்துக்கொள்வது என்னும் பொருள் பற்றி இன்று பேசத் துணிந்தோம்.

இதற்கு எடுத்துக்காட்டாக நாம் எடுத்துக்கொள்வது அமெரிக்க நாட்டு லுத்தரன் சபையொன்றின் இலையுதிர்காலம். நம்முள் பௌத்தர் உண்டு, கிறித்தவர் உண்டு, குலதெய்வத்தை வணங்குவோர் உண்டு, எம்மதமும் சாராதோரும் உண்டு. இவ்வுரையின் நோக்கம் மதப் பிரசாரமன்று. நல்ல பழக்கம் எங்கிருந்தாலும் அதனை ஆராய்ந்து எடுத்துக்கொள்வதும், அப்பழக்கத்தின் உள்ளிருக்கும் குறையைக் கண்டு விலக்கிக்கொள்வதும் கற்றோர் கடமை. லுத்தரன் சபையின் வரலாற்றில் இவ்விரண்டுக்கும் இடமுண்டு. நம் தஞ்சைத் தரணியோடு அச்சபைக்குள்ள உறவோ முந்நூறு ஆண்டுகளைக் கடந்தது.

முதலில் அப்பருவத்தின் இயல்பைக் காண்போம். வட அமெரிக்காவில் சூன் முதல் ஆகஸ்டு வரை கோடை. பள்ளிகள் மூடிக் கிடக்கும். குடும்பங்கள் வெளியூர் செல்லும். கோயிலில் ஆராதனை தவறாமல் நடக்குமாயினும், பாடகர் குழு ஓய்வு கொள்ளும். ஞாயிறு பள்ளி பல இடங்களில் நின்றுவிடும். இருக்கைகள் காலியாகத் தோன்றும். செப்டம்பர் முதல் திங்கட்கிழமை அந்நாட்டுத் தொழிலாளர் தினம். அதனோடு கோடையின் உறக்கம் கலைகிறது. அதையடுத்த ஞாயிறன்று மீண்டும் கூடும் விழாவைப் பல சபைகள் கொண்டாடுகின்றன. அன்று ஞாயிறு பள்ளி திறக்கும். பாடகர் குழு திரும்பும். ஆராதனை முடிந்ததும் அனைவரும் ஒருங்கே அமர்ந்து உண்பர்.

அந்நாட்களில் நடைபெறும் ஒரு சடங்கு நம் கவனத்திற்கு உரியது. பிள்ளைகள் தம் பள்ளிப் பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு பலிபீடத்தின் முன் வருவர். குருவானவர் அப்பைகளையும் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பார். சபையிலுள்ள ஆசிரியர்களை எழுந்து நிற்கச் செய்து அவர்களுக்காகவும் மன்றாடுவதுண்டு. ஒரு பிள்ளை பள்ளிக்குச் செல்வது அதன் பெற்றோரின் தனிக் கவலையன்று, ஊரார் அனைவரும் பொறுப்பேற்கும் செயல் என்பதை இச்சடங்கு சொல்லாமற் சொல்கிறது. நம் தெருவில் ஒரு பெண் முதன்முறையாகக் கல்லூரிக்குச் செல்லும் நாளில் தெருவே கூடி வழியனுப்புகிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

அக்டோபரில் அக்கோயில்களின் இருக்கைகள்மீது வண்ண வண்ணமான ஒட்டுப்போர்வைகள் விரிந்து கிடப்பதைக் காணலாம். பழந்துணித் துண்டுகளை இணைத்து மகளிர் குழுவினர் ஆண்டு முழுவதும் தைத்தவை அவை. இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட லுத்தரன் உலக நிவாரண அமைப்பின் வழியாக அவை அகதிகளுக்கும் பேரிடரில் சிக்கியோர்க்கும் அனுப்பப்படுகின்றன. குறிப்பேடு, எழுதுகோல், அளவுகோல் முதலியன அடங்கிய பள்ளிப் பைகளும் உடன் செல்கின்றன. அனுப்புவதற்கு முன் ஒரு ஞாயிறன்று அவற்றைக் கோயிலில் விரித்து வேண்டுதல் செய்வர்.

அக்டோபர் இறுதி ஞாயிறு சீர்திருத்த ஞாயிறு. பலிபீடத்தின் விரிப்பு அன்று செந்நிறம். 1517-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாளன்று மார்ட்டின் லூதர் என்னும் பேராசிரியர், பாவமன்னிப்புச் சீட்டு வணிகத்தை எதிர்த்துத் தொண்ணூற்றைந்து கருத்துகளை வெளியிட்டதன் நினைவு அது. பல சபைகளில், இரண்டு மூன்று ஆண்டுகள் ஞானோபதேச வகுப்பில் பயின்ற பிள்ளைகள் அன்றுதான் திடப்படுத்தல் பெறுகின்றனர். பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளை சபையார் முன்னிலையில் எழுந்து நின்று, தன் நம்பிக்கையைத் தன் வாயால் அறிக்கையிடுகிறது.

நவம்பர் முதல் நாள் சகல பரிசுத்தவான்கள் திருநாள். அதையொட்டிய ஞாயிறன்று, கடந்த ஓராண்டில் இறந்த சபையாரின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பர். பெயருக்கு ஒரு மணியோசை. பெயருக்கு ஒரு மெழுகுவத்தி. செல்வரின் பெயருக்கு இரண்டு மணியும், ஏழையின் பெயருக்கு ஒரு மணியும் அடிப்பதில்லை.

இப்பருவத்திலேயே பொருளாதாரத் திட்டமும் உருவாகிறது. ஜெர்மனியில் திருச்சபைக்கென அரசின் வழியாக வரி தண்டப்படுகிறது. அமெரிக்காவில் அம்முறை இல்லை. சபை வாழ்வதும் வீழ்வதும் உறுப்பினர் கையில். ஆதலால் அக்டோபர், நவம்பர் திங்களில் ஒவ்வொரு குடும்பமும் வரும் ஆண்டில் தன்னால் எவ்வளவு கொடுக்க இயலும் என்பதை ஒரு சீட்டில் எழுதி ஒப்படைக்கும். பணத்தோடு, இத்தனை மணி நேரம் கற்பிப்பேன், பாடுவேன், சமைப்பேன் என்று உழைப்பையும் எழுதித் தருவோர் உண்டு. வந்த சீட்டுகளைக் கூட்டிப் பார்த்த பின்னரே வரவு செலவுத் திட்டம் வகுக்கப்படும். நவம்பர் நான்காம் வியாழன் நாட்டின் நன்றியறிதல் நாள். அதன்பின் திருவருகைக் காலம் பிறந்து, திருச்சபையின் புத்தாண்டு தொடங்கும்.

இவை யாவும் வெறும் நிகழ்ச்சி நிரலாகத் தோன்றலாம். இந்நிரலின் வேர் எங்குள்ளது என்று தேடினால், அது நம்மைப் போன்ற கல்விப் பணியாளர்க்கு மிகவும் நெருக்கமான ஓர் இடத்திற்கு அழைத்துச் செல்கிறது.

1524-ஆம் ஆண்டில் லூதர், ஜெர்மனியின் நகரமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு நீண்ட மடல் வரைந்தார். ஒவ்வொரு நகரமும் தன் செலவில் பள்ளிகளை நிறுவ வேண்டும். ஆண் பிள்ளைகளோடு பெண் பிள்ளைகளும் கற்க வேண்டும். நூலகங்கள் வேண்டும் என்பது அம்மடலின் சாரம். வேலைக்குப் போகும் பிள்ளைக்கு ஏது நேரம் என்று கேட்போர்க்கு அவர் விடை வைத்திருந்தார். நாளொன்றுக்கு ஓரிரு மணி நேரம் பள்ளிக்கு வரட்டும்; எஞ்சிய பொழுதில் வீட்டு வேலையும் கைத்தொழிலும் கற்கட்டும் என்றார். நம் மாலை வகுப்பின் கருத்தும் ஏறத்தாழ இதுவே.

மடல் எழுதியதோடு பணி முடிந்துவிடவில்லை. 1528-ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் லூதரே சாக்சனி நாட்டுச் சபைகளைச் சுற்றிப் பார்க்கும் குழுவில் பங்குகொண்டு ஊரூராகச் சென்றார். கண்ட காட்சி அவரை வருத்தியது. நாட்டுப்புற மக்களுக்கு அடிப்படைப் போதனை எதுவும் தெரிந்திருக்கவில்லை. குருமார் பலர் கற்பிக்கும் தகுதியற்றவராயிருந்தனர். மறு ஆண்டே, 1529-இல், வீட்டுத் தலைவரும் எளிய குருவும் பயன்படுத்தத் தக்க வினா விடை வடிவில் சிறிய ஞானோபதேசத்தை வெளியிட்டார். அதன் முகவுரையில் தாம் கண்ட அவல நிலையை மறைக்காமல் எழுதினார்.

இளைஞர்களே, இந்த வரிசையைக் கருத்தூன்றி நோக்குங்கள். முதலில் நேரில் சென்று பார்த்தல். அடுத்து உள்ளதை உள்ளவாறு ஒப்புக்கொள்ளல். அதன்பின் எளியவர் கையில் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஒரு கருவியைச் செய்து தருதல். சென்று பார்த்தவர் கண்ட குறையிலிருந்தே அந்நூல் பிறந்தது. விழா எடுப்பவர் இவ்வுண்மையை மறத்தலாகாது.

லூதரை நாம் மாலையிட்டு வணங்க வரவில்லை. 1525-ஆம் ஆண்டில் ஜெர்மானிய உழவர்கள் மெம்மிங்கன் நகரில் பன்னிரண்டு கோரிக்கைகளை வகுத்தனர். தங்கள் குருவைத் தாங்களே தேர்ந்துகொள்ளும் உரிமையும், பண்ணையடிமை நிலையிலிருந்து விடுதலையும் அவற்றுள் அடக்கம். பண்ணையடிமை ஒழிப்பை லூதர் ஏற்கவில்லை. உழவர் கிளர்ச்சி மூண்டபோது அவர்களை ஒடுக்குமாறு ஆள்வோரைத் தூண்டிக் கடுமொழியால் எழுதினார். யூதர்களைப் பழித்து 1543-இல் அவர் எழுதிய நூலை அமெரிக்க சுவிசேஷ லுத்தரன் திருச்சபை 1994-இல் வெளிப்படையாக மறுத்து விலக்கியது. ஆன்மாவின் விடுதலையை முழங்கியவர், உழவனின் உடல் விடுதலைக்கு முன் நின்றுவிட்டார். இந்த இடைவெளி அவரோடு முடியவில்லை. அவர் பெயரைத் தாங்கிய சபைகளுக்குள்ளும் தொடர்ந்தது. அதற்கு இரண்டு மனிதர்களின் வாழ்வைச் சான்றாகக் காட்டுவோம். ஒருவர் தஞ்சாவூரைச் சார்ந்தவர்; மற்றவர் அமெரிக்கர்.

1706-ஆம் ஆண்டு சூலை 9-ஆம் நாள் பார்த்தலோமேயு சீகன்பால்கும் என்றி புளுட்சோவும் தரங்கம்பாடியில் கரை இறங்கினர். அனுப்பியவர் டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக். அடுத்த ஆண்டே அவர்கள் தமிழ்ப் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தனர். அச்சகம் வந்தது; தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறியது. 1718 அக்டோபர் 11-ஆம் நாள் புதிய எருசலேம் ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. இன்றும் அக்கோயில் தரங்கம்பாடியில் நிற்கிறது. நம்மவர் எழுத்தறிவு பெறுவதற்கு அம்மிஷன் செய்த தொண்டை நன்றியோடு நினைக்கிறோம். ஆயின், அந்நூற்றாண்டில் அம்மிஷனின் கோயில்களில் சாதிவாரியாகத் தனித்தனி இடங்களில் மக்கள் அமர்ந்தனர் என்பதையும் மறைப்பதற்கில்லை.

தஞ்சை மன்னரின் படையில் பணியாற்றிய இராசநாயக்கன் என்பவர் பறையர் குலத்தவர். தரங்கம்பாடியில் அச்சான தமிழ் வேதநூலைப் படித்து லுத்தரன் சபையில் சேர்ந்து, உபதேசியாராகத் தஞ்சைப் பகுதியில் உழைத்தவர். 1733-இல் தமிழர் ஒருவரை முதன்முறையாகக் குருவாக அபிஷேகம் செய்ய மிஷனரிகள் கருதியபோது, இராசநாயக்கனின் பெயரும் எண்ணத்தில் இருந்தது. ஆனால், அவர் கையால் கொடுக்கும் திருவிருந்தை மேற்சாதிக் கிறித்தவர் ஏற்கமாட்டார் என்னும் அச்சம் குறுக்கே நின்றது. அவ்வாண்டு திசம்பர் 28-ஆம் நாள் வேளாளர் குலத்தவரான ஆரோன் குருப்பட்டம் பெற்றார். ஆரோனின் தகுதியை நாம் குறைத்துப் பேசவில்லை. இராசநாயக்கனிடம் எத்தகுதி இல்லை என்பதே நம் கேள்வி. படிப்பு இருந்தது, தொண்டு இருந்தது, துணிவு இருந்தது. பிறந்த குலம் மட்டுமே தடையாக எண்ணப்பட்டது.

இதற்குத் தொண்ணூற்றொன்பது ஆண்டுகள் கழித்து, கடலுக்கு அப்பால் மற்றொன்று நிகழ்ந்தது. தென் கரோலினா மாநிலத்தில் 1786-இல் அடிமையாகப் பிறந்தவர் ஜெஹூ ஜோன்ஸ். தந்தை விடுதலை பெற, மகனும் விடுதலை பெற்றார். தையற்கலைஞராய் வாழ்ந்த அவர் சார்ல்ஸ்டன் நகர லுத்தரன் சபையில் சேர்ந்தார். 1832-ஆம் ஆண்டு அக்டோபரில், அதாவது அந்நாட்டு இலையுதிர்காலத்தில், நியூயார்க்கில் குருவாக அபிஷேகம் பெற்றார். அமெரிக்க லுத்தரன் சபையின் முதல் கறுப்பினக் குரு அவரே. ஆப்பிரிக்காவின் லைபீரியாவுக்கு அவரை அனுப்புவதாகத் திட்டம். ஊர் திரும்பியபோது, மாநிலத்தை விட்டு வெளியேறிய விடுதலை பெற்ற கறுப்பர் மீண்டும் நுழைதலாகாது என்னும் சட்டத்தின்படி சிறைப்பட்டார். பின்னர்ப் பிலடெல்பியா சென்று, 1834-இல் கறுப்பின மக்களுக்காகத் தூய பவுல் சபையைத் தொடங்கினார். 1836-இல் கோயில் எழுந்தது. கட்டியதற்கான கடனைத் தீர்க்க இயலாமையால் 1839-இல் அது விற்கப்பட்டது.

இராசநாயக்கனுக்குப் பட்டம் தரப்படவில்லை. ஜோன்சுக்குப் பட்டம் தரப்பட்டது. பட்டத்தின்பின் வேண்டிய துணை தரப்படவில்லை. ஒருவருக்குக் கதவு திறக்கவே இல்லை. மற்றவருக்குத் திறந்த கதவின் உள்ளே நிற்கத் தளமில்லை. இவ்விரண்டு அநீதிகளையும் நம் மக்கள் நன்கு அறிவர். விண்ணப்பமே வாங்க மறுக்கும் இடங்களும் உண்டு. இடம் கொடுத்துவிட்டு, விடுதிக்கும் நூலுக்கும் வழி காட்டாமல் ஓராண்டில் தானே ஓடிப்போகட்டும் என்று காத்திருக்கும் இடங்களும் உண்டு. முதல் வகையை எதிர்த்துப் போராடக் கற்றுக்கொண்டோம். இரண்டாம் வகையே இன்று நம் மாணவரைப் பெரிதும் வீழ்த்துகிறது.

எனினும் அவ்வரலாறு அங்கேயே உறைந்துவிடவில்லை. 1977-இல் தான்சானியா நாட்டின் தாருஸ்ஸலாம் நகரில் கூடிய லுத்தரன் உலக சம்மேளனம், தென்னாப்பிரிக்காவின் நிறவெறியை ஏற்பதா மறுப்பதா என்பது அரசியல் கருத்து வேறுபாடு மட்டுமன்று, விசுவாசத்தையே தொடும் வினா என்று அறிவித்தது. 1984-இல் புடாபெஸ்ட் மாநாட்டில், நிறப் பிரிவினையைக் கைவிடாத, ஆப்பிரிக்காவின் தென்பகுதியைச் சார்ந்த இரண்டு வெள்ளையர் சபைகளின் உறுப்புரிமையை நிறுத்தி வைத்தது. தனிப் பந்தி வைப்பவன் வழிபாட்டு முறையில் பிழை செய்யவில்லை, நம்பிக்கையின் அடிப்படையையே மறுக்கிறான் என்பது அதன் பொருள். இந்த அளவுகோலைச் சாதிக்கும் வைத்துப் பார்த்தால், தனிக் கல்லறையும் தனி வரிசையும் வைத்துக்கொள்ளும் எந்தச் சமயத்தவரும் விடை சொல்ல வேண்டியவராகின்றனர்.

அமெரிக்க சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் திருநாட்காட்டியில் இன்று நவம்பர் 24-ஆம் நாள் ஜெஹூ ஜோன்சின் நினைவு நாள். சபை மீண்டும் கூடும் அதே பருவத்தில் அவர் பெயர் வாசிக்கப்படுகிறது. 2025-ஆம் ஆண்டில் அத்திருச்சபை யெஹியேல் கறி என்பவரைத் தலைமைப் பேராயராகத் தேர்ந்தெடுத்தது. அப்பொறுப்பை ஏற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். குருப்பணிக்கு வருமுன் ஆசிரியராகவும் சமூகப் பணியாளராகவும் இருந்தவர். அவ்வாண்டு அக்டோபரில், மற்றோர் இலையுதிர்காலத்தில், அவர் பொறுப்பேற்றார். ஜோன்சின் அபிஷேகத்திற்கும் இதற்கும் இடையே 193 ஆண்டுகள். ஆயினும் பியூ ஆய்வு மையம் 2014-இல் நடத்திய ஆய்வின்படி, அத்திருச்சபையினருள் நூற்றுக்கு 96 பேர் வெள்ளையர். உச்சியில் ஒருவர் அமர்ந்ததால் அடித்தளம் மாறிவிட்டது என்று கொள்வதற்கில்லை. நம்மவர் ஒருவர் உயர் பதவி பெற்றதைக் காட்டி, இனிக் குறையேது என்று கேட்போர்க்கும் இதுவே விடை.

நம் நாட்டில் 1919-ஆம் ஆண்டில் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தனித் திருச்சபையாக அமைந்தது. சென்னையிலுள்ள குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரி, தலித் இறையியலை ஒரு பாடத்துறையாக வளர்த்த இடங்களுள் ஒன்று. ஆனால், கோயிலுக்குள் சாதியால் ஒதுக்கப்பட்ட அதே மனிதர், கோயிலுக்கு வெளியே வேறொரு வழியில் தண்டிக்கப்பட்டார். 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை, இந்துக்களல்லாதோரைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. 1956-இல் சீக்கியரும், 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். அத்திருத்தங்கள் இரண்டிலும் கிறித்தவரான நம் உறவினர் இடம்பெறவில்லை. சபையில் சாதி உண்டு என்றும், சட்டத்தில் உனக்குச் சாதி இல்லை என்றும் இரு கதவுகளும் ஒருவன் முகத்திலேயே சாத்தப்பட்டன. நம் சங்கம் எம்மதத்தவராயினும் நம் பிள்ளை நம் பிள்ளையே என்று கொள்வதன் நியாயம் இதுவேயாம்.

இவ்வளவும் கூறியதன் பயன் யாது? புதுப்பித்தல் என்னும் சொல்லைச் சரியாக விளங்கிக்கொள்வதே. கொடியேற்றுதல், பாட்டு, விருந்து ஆகியவற்றால் ஒரு பருவத்தைத் தொடங்கிவிடலாம். சென்ற ஆண்டு வெளியே விடப்பட்டவன் இவ்வாண்டு உள்ளே வந்து அமர்ந்தானா என்னும் ஒரு கேள்வியே அது உண்மையில் புதுப்பித்தலா என்பதைத் தீர்மானிக்கிறது. இராசநாயக்கனுக்கு இடம் இல்லாத சபையில் எத்தனை மணிகள் அடித்தாலும், அடித்தவை பழைய மணிகளே.

ஆதலின் சங்கத்தின் முன் சில செயல்களை வைக்கிறோம்.

முதலாவது, ஆண்டுக்கு ஒருமுறை வீடு வீடாகச் செல்லுதல். பள்ளி திறக்கும் சூனில் மட்டும் செல்வது போதாது. மழை தொடங்கி வருகை குறையும் அக்டோபரிலேயே செல்ல வேண்டும். வகுப்புக்கு வருவோரின் பதிவேட்டோடு, வந்து நின்றுபோனவர்களின் பதிவேடு ஒன்றும் நமக்கு வேண்டும். எந்தப் பிள்ளை, எந்தத் திங்களில், எதனால் நின்றது என்பதை அதில் எழுதுவோம். லூதர் 1528-இல் செய்தது அதுவே. கண்டது கசப்பாயினும் எழுதுவோம்.

இரண்டாவது, முன்கூட்டிய வாக்குறுதி. தேவை வந்தபின் கையேந்துவது நம் பழக்கமாகிவிட்டது. அடுத்த ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒவ்வோர் உறுப்பினரும் சீட்டில் எழுதித் தருவோம். ஊதியம் பெறும் பட்டதாரி அதற்கேற்ப எழுதட்டும். நாட்கூலி பெறுபவர் பத்து ரூபாய் எழுதட்டும். பணமில்லாதவர் வாரம் இரண்டு மணி நேரம் கணிதம் கற்பிப்பதாக எழுதட்டும். பிலடெல்பியாவின் அக்கோயில் விற்கப்பட்டபோது இழப்பு கட்டடத்தோடு நிற்கவில்லை. ஒடுக்கப்பட்டோர் தமக்கென எழுப்பிய கூடமே அவர்கள் கையை விட்டுச் சென்றது. நிலையான சிறு தொகை இருந்தால், நிலையான பணி இருக்கும்.

மூன்றாவது, பையை வாழ்த்துதல். ஆண்டில் ஒரு நாள் தெருவின் பிள்ளைகள் அனைவரும் புத்தகப் பையோடு நம் மன்றத்தில் கூடட்டும். அவர்களுக்குக் கற்பிப்போரை மேடைக்கு அழைப்போம். முதல் வகுப்புக்குச் செல்லும் குழந்தையும் மருத்துவம் பயிலும் மாணவியும் ஒரே வரிசையில் நிற்கட்டும்.

நான்காவது, பெயர்களை வாசித்தல். இச்சங்கத்திற்குத் தம் திண்ணையைத் தந்தவர், விளக்குக்கு எண்ணெய் தந்தவர், மழையில் பிள்ளைகளைத் தூக்கி வந்து வகுப்பில் விட்டவர் எனப் பலர் மறைந்துவிட்டனர். கல்வெட்டில் ஏறும் பெயர்கள் கொடையாளருடையவை. விளக்கைத் துடைத்தவரின் பெயர் யார் வாயிலாவது ஏற வேண்டும். ஆண்டுக்கொருமுறை அப்பெயர்களை வாசித்து, எழுந்து நின்று மரியாதை செய்வோம். அதற்கு உகந்த நாள் ஒன்று நம்மிடமே உள்ளது. 1956-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் நாக்பூரில் அண்ணல் அம்பேத்கர் இலட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவினார். ஒரு பெருங்கூட்டம் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்ட நாள் அது. அந்நாளை ஒட்டியே நம் மீண்டும் கூடும் பருவத்தை அமைப்பது பொருத்தமாகும்.

ஐந்தாவது செயல் கடினமானது. நமக்குள்ளேயே மேல் கீழ் பார்ப்போர் இல்லை என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல இயலுமா? நம் உட்பிரிவுகளுக்கிடையே பெண் கொடுப்பதிலும், பந்தியில் அமர்வதிலும், துப்புரவுப் பணியாளர் வீட்டுப் பிள்ளையைச் சேர்த்துக்கொள்வதிலும் தயக்கம் இல்லையா? பிறர் கோயிலின் தனி வரிசையைக் கண்டிக்கும் நாம், நம் மாலை வகுப்பின் பாயில் எவர் ஓரத்தில் அமர்கின்றனர் என்று ஒருமுறை பார்ப்போம். அருந்ததியர் தெருவிலிருந்து எத்தனை பிள்ளைகள் வருகின்றனர், எத்தனை பெண்கள் நம் நிர்வாகக் குழுவில் உள்ளனர் என்பதையும் அந்தப் பதிவேட்டிலேயே எழுதுவோம். நமக்கு மறுக்கப்பட்டதை நாம் இன்னொருவருக்கு மறுப்போமானால், இருபத்தைந்து ஆண்டு உழைப்பும் வீண்.

இளைஞர்களே, வெள்ளி விழா என்பது கணக்கு முடிக்கும் நாளன்று. கணக்கைத் திறந்து வைக்கும் நாள். வரும் அக்டோபரில் பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்க எத்தனை பேர் ஆயத்தமாக இருக்கிறீர்கள்? கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் உங்கள் பெயரைத் தந்து செல்லுங்கள். எத்தெரு, எந்நாள் என்பதை இன்றே பிரித்துக்கொள்வோம். நின்றுபோன பிள்ளைகளுள் ஒருவரையேனும் திரும்ப அழைத்து வந்து பாயில் அமர்த்துவோம். அதுவே இவ்விழாவுக்கு நாம் செய்யும் சிறப்பு.